ஒலியைக் கண்ணால் கண்ட தமிழர்

(முதுநிலை இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவி)

கண்ணுக்கு எட்டாததைக் காதால் அறிவதும், காதுக்கு எட்டாததைக் கண்ணால் அறிவதும் மனித அறிவு பெற்ற இரு பெரும் வெற்றிகள். இவற்றுள் இரண்டாவது வெற்றியை நான் முதன்முதலாக நேரில் கண்டது ஆய்வுக்கூடத்தில் அன்று. மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் மையத்தின் இருட்டறையில்.

என் அக்கா இரண்டாம் முறையாகக் கருவுற்றிருந்தாள். முதல் முறை இதைப் போன்ற ஓர் அறையில்தான், குழந்தையின் நெஞ்சு துடிக்கவில்லை என்ற செய்தியை அவள் கேட்டாள். அதனால் இம்முறை ஸ்கேன் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு உடல் நடுங்கும். அத்தானுக்கு அன்று விடுப்புக் கிடைக்கவில்லை. அக்காவின் மாமியாரும் நானும் உடன் சென்றோம். உள்ளே ஒருவர் மட்டும் வரலாம் என்றார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மருத்துவ அம்மையார் வயிற்றில் குளிர்ந்த களிம்பைத் தடவி, கைக்கு அடக்கமான ஒரு கருவியை அதன்மேல் வைத்து மெல்ல நகர்த்தினார். திரையில் முதலில் மழைக்கால மேகம் போன்ற சாம்பல் நிறம். பிறகு அம்மேகத்திற்குள் ஒரு கருங்குளம். குளத்தினுள் கட்டைவிரல் அளவில் ஓர் உருவம். அதன் நடுவில் ஏதோ ஒன்று மின்மினி போலத் துடித்தது. அந்தத் துடிப்பின் மீது ஒரு கோட்டை வைத்துப் படம் வரைந்தார். நிமிடத்திற்கு 160 முறை என்றார். அக்கா அழுதாள். நானும் அழுதேன். வீடு திரும்பும் வழியில் அக்கா என்னிடம் கேட்டாள், ஒளியே போகாத வயிற்றுக்குள் வெறும் சத்தத்தை அனுப்பி எப்படிப் படம் எடுக்கிறார்கள் என்று. நான்கு ஆண்டுகளாக இயற்பியல் படிக்கும் என்னால் அவளுக்கு விளங்கும்படி நான்கு வாக்கியம் சொல்ல முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் துறைப் பேராசிரியரிடம் சென்று முறையிட்டேன். அவர் சிரித்துவிட்டு, ஸ்கேனைப் பற்றிப் படி. கூடவே சர் சி. வி. இராமனைப் பற்றியும் படி என்றார். இராமன் ஒளியின் ஆராய்ச்சியாளர் அல்லவா, அவருக்கும் ஒலிக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். அதைத் தெரிந்துகொள்ளத்தான் படிக்கச் சொல்கிறேன் என்றார். படித்தேன். நான் அறிந்ததை நண்பர்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எதிரொலி தரும் படம்

முதலில் அக்காவின் கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறேன்.

பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் குன்றுகளில் ஒரு காலத்தில் கல்லுடைத்த குவாரிகள் இன்று நீர் நிறைந்து கிடப்பதை மின்சார ரயிலில் வரும் நம்மில் பலர் அறிவோம். சிறு வயதில் அந்தப் பாறைச் சுவருக்கு எதிரே நின்று பெயர் சொல்லிக் கூவுவோம். சற்றுப் பொறுத்து அதே பெயர் திரும்பி வரும். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. கூவியதற்கும் கேட்டதற்கும் இடையே ஒரு நொடி ஆனால், ஒலி போய் வந்த தொலைவு 340 மீட்டர். பாறை இருப்பது 170 மீட்டரில். கண்ணைக் கட்டிக்கொண்டாலும் பாறை எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஸ்கேன் கருவி செய்வது இவ்வளவே.

ஆனால் மனிதக் குரல் இதற்குப் போதாது. நம் காது நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். அதற்கு மேற்பட்டதை மீயொலி என்கிறோம். வயிற்றுப் பகுதியை ஆராயும் ஸ்கேனில் பயன்படுவது நொடிக்குச் சுமார் 35 இலட்சம் அதிர்வுகள், அதாவது 3.5 மெகா ஹெர்ட்ஸ். உடலின் மென்மையான தசைகளில் ஒலி நொடிக்குச் சராசரியாக 1,540 மீட்டர் செல்கிறது. ஆகவே இந்த ஒலியின் அலைநீளம் அரை மில்லி மீட்டருக்கும் குறைவு. அலை எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு நுண்ணிய பொருளை அது பிரித்துக் காட்டும். அதிர்வெண்ணைக் கூட்டினால் படம் இன்னும் கூர்மையாகும். ஆனால் ஒலி ஆழத்திற்குச் செல்லுமுன்பே தேய்ந்துவிடும். அதனால்தான் கழுத்தில் உள்ள தைராய்டு போன்ற மேலோட்டமான உறுப்புகளுக்கு உயர்ந்த அதிர்வெண்ணும், ஆழ்ந்த உறுப்புகளுக்குத் தாழ்ந்த அதிர்வெண்ணும் கொண்ட புரோப்களை வைத்திருக்கிறார்கள்.

கையில் பிடிக்கும் அந்தப் புரோப்தான் கருவியின் உயிர். அதன் முகப்பில் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ள படிகத் துண்டுகளுக்கு ஒரு விந்தையான குணம் உண்டு. மின்னழுத்தம் கொடுத்தால் அவை அதிரும். அதிரச் செய்தால் மின்னழுத்தம் தரும். இவற்றுள் இரண்டாவது குணத்தை 1880இல் பிரெஞ்சு நாட்டில் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். ஒரே படிகம் வாயாகவும் காதாகவும் இருக்கிறது. கண நேரம் கூவுகிறது. பிறகு மௌனமாக இருந்து எதிரொலியைக் கேட்கிறது. ஒரு சென்டிமீட்டர் ஆழத்திற்குப் போய் வர ஒலிக்கு நொடியின் பத்து இலட்சத்தில் 13 பங்கு நேரம் போதும். ஆழத்திலிருந்து வரும் எதிரொலி மெலிந்திருக்கும் என்பதால், தாமதமாக வருவதை அதிகமாகப் பெருக்கும் மின்னணு ஏற்பாடு உள்ளே இருக்கிறது. எதிரொலி வந்த நேரம் திரையில் புள்ளியின் இடத்தையும், அதன் வலிமை புள்ளியின் வெளிச்சத்தையும் முடிவு செய்கின்றன. ஆயிரக்கணக்கான புள்ளிகள் சேர்ந்தால் படம். பனிக்குட நீருக்குள் எதிரொலிக்க எதுவும் இல்லாததால்தான் அது கருங்குளமாகத் தெரிந்தது.

அந்தக் குளிர்ந்த களிம்பு எதற்கு? தோலுக்கும் புரோப்புக்கும் இடையே மயிரிழை அளவு காற்று இருந்தாலும், ஏறத்தாழ ஒலி முழுவதும் அங்கேயே திரும்பிவிடும். காற்றை விரட்டி ஒலிக்கு வழி விடுவதே களிம்பின் வேலை. வாயில்காப்போனுக்குக் கொடுக்கும் மரியாதை என்று அக்காவிடம் சொன்னேன்.

முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதற்காகப் பிரான்சின் லாங்கெவின் குவார்ட்ஸ் படிகத்தால் நீருக்குள் மீயொலியை எழுப்பினார். அந்தத் தேடலை மகப்பேற்று மருத்துவத்திற்குக் கொண்டுவந்து, 1958இல் வயிற்றுக் கட்டிகளின் மீயொலிப் படங்களை வெளியிட்டவர்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர் அயன் டொனால்டும் அவருடைய தோழர்களும் ஆவர். இந்த வரிசையில் இராமன் இல்லை. ஸ்கேன் கருவியை அவர் செய்யவில்லை. ஆயினும் இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட 1930களில், ஸ்கேனில் பயன்படும் அதே வகை ஒலியை ஒளியின் துணைகொண்டு கண்ணுக்குப் புலப்படுத்தி, அந்தக் காட்சிக்கு முழுமையான விளக்கம் தந்தவர் நம் நாட்டு இராமன். அங்கு அவர் வந்து சேர்ந்த வழி ஒளியின் வழியன்று, இசையின் வழி.

காவிரிக் கரையிலிருந்து கடற்கரைக்கு

சந்திரசேகர வேங்கட இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர், தாய் பார்வதி அம்மாள். தந்தையார் கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். வயலின் வாசிப்பதில் விருப்பமுள்ளவர். விசாகப்பட்டினத்தில் அவர் விரிவுரையாளரானதால் இராமனின் இளமைக் கல்வி அந்தக் கடலோர நகரில் நிகழ்ந்தது. வீட்டில் நூல்களும் இசையும் ஒருங்கே இருந்தன. பின்னாளில் தம்மை உருவாக்கிய நூல்களுள் ஒன்றாக, இசையொலியின் இயல்பை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்சின் நூலை அவர் குறிப்பிட்டார்.

பதினோரு வயதில் மெட்ரிகுலேஷன் தேறிய இராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1904இல் பி.ஏ. தேர்வில் முதலிடம் பெற்று இயற்பியலில் தங்கப் பதக்கமும் பெற்றார். மாநிலக் கல்லூரியும் நம்முடையதைப் போன்ற ஓர் அரசினர் கல்லூரியே என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். அங்கே இருந்தவை சாதாரண மாணவர் கருவிகளே. நிறமாலைமானியில் பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தபோது, ஒளி சாய்வாக விழுகையில் உண்டாகும் விளிம்பு விளைவுப் பட்டைகள் ஒருபுறம் ஒருவிதமாகவும் மறுபுறம் வேறுவிதமாகவும் இருப்பதைக் கண்டார். பாடத்திட்டத்தில் இல்லை என்று விட்டுவிடவில்லை. அளந்து எழுதி இலண்டனுக்கு அனுப்பினார். 1906இல் அக்கட்டுரை அங்குள்ள புகழ்பெற்ற இதழில் வெளிவந்தபோது அவருக்கு வயது 18. நாம் எல்லோரும் பட்டகத்தின் கோணத்தை அளந்திருக்கிறோம். அந்த வெளிச்சக் கோட்டின் ஓரத்தை எத்தனை பேர் பார்த்தோம்?

மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல ஆசை இருந்தது. ஆனால் அவரைச் சோதித்த அரசு மருத்துவர், அந்நாட்டுக் குளிரை இந்த உடல் தாங்காது என்று தடுத்துவிட்டார். வாசல் ஒன்று மூடியது. அவருக்கு முன் இருந்த மற்றொரு வாசல் அரசுப் பணி. 1907இல் எம்.ஏ. முடித்து, நிதித்துறைத் தேர்வில் முதலாவதாகத் தேறி, உதவிக் கணக்குத் தலைவராகக் கல்கத்தா சென்றார். அதே ஆண்டில் லோகசுந்தரி அம்மையாரை மணந்தார். அந்த அம்மையாரை முதன்முதலில் இராமன் கண்டது அவர் வீணை வாசித்துக்கொண்டிருந்தபோது என்பார்கள். அந்த வீணை பின்னால் நம் கதையில் வரும்.

கணக்கு அலுவலகமும் ஆய்வுக்கூடமும்

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். என் தந்தை குரோம்பேட்டை நாகல்கேணியில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் உழைத்து எங்களைப் படிக்க வைத்தவர். முதுநிலை முடித்ததும் நான் வங்கித் தேர்வு எழுத வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆராய்ச்சி எல்லாம் வசதி உள்ளவர்களுக்கு என்பது அவர் எண்ணம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேர்வுக்கு விண்ணப்பமும் போட்டுவிட்டேன். ஆனால் அன்று முதல் எதையோ இழந்தவள் போலிருந்தேன். அந்த மனநிலையில்தான் இராமனின் கல்கத்தா வாழ்க்கையைப் படித்தேன்.

பத்தொன்பது வயதைத் தாண்டாத அந்த அதிகாரி ஒருநாள் டிராம் வண்டியில் செல்லும்போது பௌபஜார் தெருவில் ஒரு பலகையைப் பார்த்தார். இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்று அதில் எழுதியிருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876இல் தொடங்கிய நிறுவனம் அது. ஆய்வுக்கூடம் இருந்தது, ஆராய்வார் இல்லாமல் உறங்கிக் கிடந்தது. வண்டியிலிருந்து இறங்கிச் சென்று கதவைத் தட்டினார். அங்கு உதவியாளராக இருந்த ஆசுதோஷ் டே கதவைத் திறந்தார். அன்று திறந்த கதவு பல ஆண்டுகளுக்கு மூடவில்லை.

விடியற்காலையில் ஆய்வுக்கூடம், பகலில் அலுவலகத்தில் கணக்கு, மாலை ஐந்து மணிக்கு மேல் மீண்டும் ஆய்வுக்கூடம், இரவில்தான் வீடு. இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல் வந்தது. திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடர்ந்தார். பத்து ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. ஆசுதோஷ் முகர்ஜியின் அழைப்பை ஏற்று, 1917இல் இராமன் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியரானார். அப்பதவிக்கு வெளிநாட்டுப் பயிற்சி வேண்டும் என்று விதி இருந்தது. அதற்காக மட்டும் கடல் கடக்க இராமன் இசையவில்லை, விதிதான் வளைந்தது. சம்பளம் பெருமளவு குறையும் என்று தெரிந்தே அரசுப் பணியைத் துறந்தார். துறக்கும் நாள் வரை அந்தப் பணியையும் செவ்வனே செய்தார் என்பதே எனக்கு ஆறுதல் அளித்த செய்தி.

வீணையும் மிருதங்கமும்

அந்நாட்களில் அவர் ஆராய்ந்தது பெரும்பாலும் ஒலியே. வயலினை மனிதக் கை வாசித்தால் அழுத்தமும் வேகமும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், வில்லின் அழுத்தத்தையும் வேகத்தையும் சீராக வைக்கும் இயந்திரம் ஒன்றைத் தாமே அமைத்து வயலினை இசைக்கச் செய்தார். வில்லிட்ட நரம்புகளின் அதிர்வு குறித்து 1918இல் அவர் வெளியிட்ட ஆய்வு உலக அறிஞர்களின் கவனத்தைக் கவர்ந்தது.

பிறகு நம் இசைக்கருவிகள் பக்கம் திரும்பினார். நரம்பை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசைவற்ற புள்ளியைக் கொண்ட மேற்சுரங்கள் எழக்கூடாது என்பது பழைய விதி. தம்புராவிலும் வீணையிலும் அந்த விதி பொய்த்துப்போவதை இராமன் காட்டினார். காரணம் அவற்றின் வளைந்த குதிரை. நரம்பு கூர்மையான விளிம்பில் நிற்காமல் வளைந்த பரப்பைத் தொட்டுத் தொட்டு அதிர்வதால் மேற்சுரங்கள் எல்லாம் எழுகின்றன. தம்புராக்காரர் குதிரைமேல் நரம்புக்கு அடியில் நுழைக்கும் அந்தச் சிறு நூலின் இரகசியமும் இதுவே. 1921இல் இதனை அவர் வெளியிட்டார்.

மிருதங்க ஆராய்ச்சி இன்னும் சுவையானது. சாதாரணத் தோற்கருவியின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசையா. அதனால்தான் பறையும் முரசும் முழக்கமாக ஒலிக்கின்றன. ஆனால் மிருதங்கம் சுருதியோடு சேர்ந்து பாடுகிறது. வலந்தலையின் நடுவே கிட்டக்கல் பொடியும் சோறும் குழைத்து அப்பும் கரிய வட்டத்தின் எடைதான் அந்த மாயத்தைச் செய்கிறது என்று நிறுவினார். தோலின்மேல் நுண்மணலைத் தூவி, அது அசைவற்ற கோடுகளில் போய்ச் சேர்வதைக் கொண்டு அதிர்வின் வடிவங்களைக் கண்டார். ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்து இசைவான சுரங்களுக்குள் அடங்கிவிடுகின்றன என்பது அவர் முடிவு. பெயர் தெரியாத நம் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாகச் செவியால் கண்டுபிடித்ததை அவர் கணக்கால் வணங்கினார் எனலாம். தூவிய மணலில் ஒலியைப் பார்த்த அந்தக் கண்தான் பின்னாளில் திரவத்திலும் ஒலியைப் பார்த்தது.

1921இல் முதன்முறையாக இங்கிலாந்து சென்றபோதும், இலண்டன் தூய பவுல் பேராலயத்தின் குவிமாடத்தில் ஓரிடத்தில் முணுமுணுத்தால் சுவரையொட்டி ஒலி ஓடி எதிர்ப்பக்கம் கேட்கும் விந்தையை அளந்து பார்த்துவிட்டே வந்தார். நம் பிஜப்பூர் கோல் கும்பாஸிலும் அதையே ஆராய்ந்தார். 1927இல் ஜெர்மனியில் வெளியான இயற்பியல் பெருந்தொகுதியில் இசைக்கருவிகள் பற்றிய பகுதியை எழுதும் பொறுப்பு இராமனுக்கே கிடைத்தது.

அந்தப் பயணத்திலிருந்து திரும்புகையில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரை ஒளியின் பக்கம் இழுத்ததும், 1928 பிப்ரவரி 28இல் இராமன் விளைவு வெளிப்பட்டதும், 1930இல் நோபல் பரிசு கிட்டியதும் யாவரும் அறிந்தவை, விரிக்கத் தேவையில்லை. ஒன்று மட்டும் தாம்பரத்துக்காரி என்ற முறையில் சொல்ல ஆசை. அந்த ஆராய்ச்சியில் இராமனோடு தோளோடு தோள் நின்ற கே. எஸ். கிருஷ்ணன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றவர். அக்கல்லூரி 1937இல்தான் நகரத்திலிருந்து நம் தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது.

ஒலியால் செய்த கீற்றணி

1933இல் இராமன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். மறு ஆண்டு இந்திய அறிவியல் அகாடமியை நிறுவினார். அதற்குச் சற்று முன்பு, 1932இல், அமெரிக்காவில் டிபை, சியர்ஸ் என்ற இருவரும், பிரான்சில் லூக்காஸ், பிகார் என்ற இருவரும் ஒரு புதுமையைக் கண்டிருந்தனர். மீயொலி செல்லும் திரவத்தின் குறுக்கே ஒளியைச் செலுத்தினால், அந்த ஒளி பல கோடுகளாகப் பிரிகிறது. ஆனால் ஏன் இத்தனை கோடுகள், ஏன் அவற்றின் பிரகாசம் ஒழுங்கின்றி மாறுகிறது என்பது விளங்கவில்லை.

இராமனும் அவருடைய இளம் மாணவர் நாகேந்திர நாத்தும் 1935, 1936ஆம் ஆண்டுகளில் ஐந்து கட்டுரைகளில் விடை கூறினர். ஒலி செல்லும்போது திரவம் அடுக்கடுக்காக நெருங்கியும் விலகியும் நிற்கிறது. நெருங்கிய அடுக்கில் ஒளி மெதுவாகவும், விலகிய அடுக்கில் விரைவாகவும் செல்லும். ஆகவே சமதளமாக உள்ளே நுழைந்த ஒளியலையின் முகப்பு, வெளியே வரும்போது கூரைத் தகரம் போல் நெளிந்து வருகிறது. அந்த நெளிவுதான் பல கோடுகளாக விரிகிறது. ஒலியின் வலிமையைக் கூட்டக் கூட்ட நடுக்கோட்டின் வெளிச்சம் பக்கக் கோடுகளுக்குப் போய், ஒரு நிலையில் நடுக்கோடே மறைந்து, பிறகு மீண்டும் தோன்றும். இதனைப் பெஸ்ஸல் சார்புகள் என்னும் கணிதத்தால் துல்லியமாகச் சொல்லிக் காட்டினார்கள். பார்த்தசாரதி என்ற அவருடைய மாணவர் இம்முறையைக் கொண்டு பல கரிமத் திரவங்களில் ஒலியின் வேகத்தை அளந்தார். இன்று லேசர்க் கற்றையை ஒலியால் திருப்பும் கருவிகளிலும், புரோப்பிலிருந்து புறப்படும் மீயொலிக் கற்றையை நீர்த்தொட்டியில் ஒளிகொண்டு படம் பிடித்துச் சோதிக்கும் முறையிலும், ஒலி ஒளியை வளைக்கும் இந்த உண்மையே செயல்படுகிறது.

இதைப் படித்த பிறகுதான் நம் ஆய்வுக்கூடத்தில் முதுநிலை மாணவர்க்கு உள்ள மீயொலிக் கீற்றணிச் சோதனையின் அருமை எனக்குத் தெரிந்தது. கண்ணாடித் தொட்டியில் மண்ணெண்ணெய்; அதில் 2 மெகா ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அதிரும் குவார்ட்ஸ் படிகம்; ஒருபுறம் சோடியம் விளக்கு; மறுபுறம் நிறமாலைமானியின் தொலைநோக்கி. இரண்டு வாரம் முயன்றும் ஒற்றைக் கோட்டைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. கருவி பழுது என்று நானும் என் தோழியும் முடிவு கட்டிவிட்டோம். மூன்றாம் வாரம் பேராசிரியர் வந்து, படிகத்தை மயிரிழை திருப்பி ஒளிக்குச் செங்குத்தாக ஒலி செல்லும்படி வைத்தார். மஞ்சள் கோட்டின் இருமருங்கும் மெல்லிய கோடுகள் பூத்தன! பழுது கருவியில் இல்லை. எங்கள் பொறுமையில்தான் இருந்தது.

முதல் கோட்டின் கோணம் 3 நிமிடத்திற்குச் சற்று மேல். அதிலிருந்து கணக்கிட்டால் ஒலியின் அலைநீளம் 0.65 மில்லி மீட்டர். வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,300 மீட்டர். காதுக்குக் கேளாத ஒன்றின் நீளத்தைக் கண்ணால் அளந்துவிட்டேன். அக்காவின் வயிற்றுக்குள் சென்று குழந்தையின் நெஞ்சைத் தொட்டு வந்தது இதன் உடன்பிறப்பே என்று நினைத்தபோது மெய் சிலிர்த்தது.

நிறைவும் குறையும்

பெரியோர் வாழ்வை எழுதும்போது குறையை மறைப்பது வழக்கம். அவ்வாறு செய்ய என் மனம் ஒப்பவில்லை. 1933இல் கமலா பாக்வத் என்ற மாணவி, பம்பாயில் சிறப்பாகத் தேறி, பெங்களூர்க் கழகத்தில் ஆராய்ச்சி செய்ய விண்ணப்பித்தார். பெண் என்ற ஒரே காரணத்தால் இராமன் மறுத்துவிட்டார். அந்தப் பெண் திரும்பிச் செல்லவில்லை, விடாது போராடினார். முடிவில் ஓராண்டு சோதனையாகப் பார்ப்போம் என்ற நிபந்தனையோடு சேர்க்கப்பட்டார். அவர் உழைப்பைக் கண்ட பின்னரே அங்கே பெண்களுக்குக் கதவு திறந்தது. கமலா சோஹனி என்று பின்னர் அறியப்பட்ட அவர் 1939இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். மாநிலக் கல்லூரியில் பயின்ற அன்னா மாணி 1940 முதல் இராமனிடமே ஆராய்ச்சி செய்து, பின்னர் நாட்டின் வானிலைக் கருவிகளைச் செப்பனிட்ட பேரறிஞரானார். முதுகலைப் பட்டம் இல்லை என்று அவருக்கு டாக்டர் பட்டத்தை மறுத்தது பல்கலைக்கழகம்.

திரவத்தின் நெளிவைக் கண்ட கண்ணுக்குத் தம் எதிரே நின்ற ஒரு பெண்ணின் தகுதி முதலில் தெரியவில்லையே என்று வருந்தினேன். கண்டபின் ஏற்றுக்கொண்டார் என்பது ஓரளவு ஆறுதல். ஆயினும் ஓராண்டுச் சோதனை ஆண் மாணவர் எவர்க்கும் விதிக்கப்படவில்லை. இதைச் சொல்வதால் அவர் பெருமை குறையாது. சொல்லாமல் விட்டால் நம் நேர்மை குறையும்.

கழகத்தில் எழுந்த பூசல்களால் 1937இல் இயக்குநர் பதவியை விட்டார். 1948 வரை பேராசிரியராகத் தொடர்ந்தார். பின் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் அமைத்து, அரசின் தயவை நாடாமல் நடத்தினார். 1954இல் பாரத ரத்னா விருது பெற்றார். எண்பது வயதிலும் மலர்களின் நிறத்தையும் மனிதக் கண் பார்க்கும் விதத்தையும் ஆராய்ந்தார். 1970 நவம்பர் 21ஆம் நாள் பெங்களூரில் மறைந்தார். அவர் உடல் எரியூட்டப்பட்டது அந்த நிலையத்தின் தோட்டத்திலேயே. அங்கே நினைவு மண்டபம் இல்லை. ஒரு மரம் நிற்கிறது.

முடிவுரை

ஸ்கேன் மையத்துக்குச் சென்ற அன்று நடந்த ஒன்றை நான் இன்னும் சொல்லவில்லை. நாங்கள் புறப்படும்போது அக்காவின் மாமியார் மருத்துவ அம்மையாரிடம் தயங்கித் தயங்கி, பேரனா என்று கேட்டார். அந்த அம்மையார் பதில் கூறாமல் சுவரில் இருந்த பலகையைச் சுட்டினார். கருவில் உள்ள குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என 1994இல் இயற்றப்பட்ட சட்டம் அப்பலகையில் இருந்தது. பிள்ளையின் நெஞ்சு துடிக்கிறதா என்று பார்க்கப் பிறந்த கருவியை, பெண் என்றால் அத்துடிப்பை நிறுத்தப் பயன்படுத்தியோர் இருந்ததால் அல்லவா அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது! மீயொலிக்கு ஆண், பெண் என்ற பேதம் தெரியாது. அது எல்லா நெஞ்சையும் ஒன்றுபோலவே தொட்டுத் திரும்புகிறது. பேதம் திரைக்கு இப்பால் இருக்கும் நம்மிடம்தான்.

தை மாதத்தில் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது; பெண் குழந்தை. அத்தைதான் முதலில் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். அந்தக் கைகளைப் பார்த்தபோது, ஓராண்டு பார்ப்போம் என்று சொல்லிப் பின்னர் கதவைத் திறந்த அந்தப் பெரியவரின் நினைவு வந்தது.

வங்கித் தேர்வை நான் எழுதத்தான் போகிறேன். வேலை கிடைத்தால் தந்தையின் பாரம் குறையும். ஆனால் மாலை ஐந்து மணிக்குப் பிறகு ஒரு வாழ்க்கை உண்டு என்று இராமன் எனக்குக் கற்றுத் தந்திருக்கிறார். மாணவ நண்பர்களே, நம் ஆய்வுக்கூடத்தில் கருவிகள் குறைவு என்று நாம் அடிக்கடி குறைபட்டுக்கொள்கிறோம். குறைவுதான். ஆனால் பட்டகம் இருக்கிறது, நிறமாலைமானி இருக்கிறது, தொட்டியில் மண்ணெண்ணெயும் இருக்கிறது. அடுத்த முறை அவற்றின் முன் அமரும்போது பதிவேட்டை நிரப்புவதற்கு முன் வெளிச்சக் கோட்டின் ஓரத்தையும் சற்றே பார்ப்போம். பௌபஜார் தெருவின் பலகையைப் பலரும் பார்த்தார்கள். இறங்கிச் சென்று கதவைத் தட்டியவர் ஒருவரே.